பழைய கார், படுத்துக்கொள்ளும் பேட்டரி: எந்த வழி யாருக்குச் சரிப்படும்?

மூன்று வாரம் உறைக்குள் கிடந்த காரை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே எடுக்கலாம் என்று உறையை உருவி, சோக்கை இழுத்து, செல்ஃபை அழுத்துகிறீர்கள். "ர்ர்ர்... ரக்" என்று ஒரு சுற்று. அப்புறம் வெறும் "டிக்". பழைய கார் வைத்திருப்பவர்களில் அந்த "டிக்" காதில் விழாதவர் யாரும் இருக்க மாட்டார். உடனே ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து விடு என்பார் ஒருவர். டெர்மினலைக் கழற்றிப் போடு என்பார் இன்னொருவர். சார்ஜரை மாட்டியே வை, சோலார் தகடு வாங்கு, லித்தியத்துக்கு மாறு, இதெல்லாம் எதற்கு, புது பேட்டரி வாங்கிப் போடு.

லித்தியம் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏதோ ஒரு கட்டத்தில் நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருக்கிறது. எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதில்தான் கிடையாது. கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா, மாதத்தில் எத்தனை நாள் வண்டியை ஓட்டுகிறீர்கள் என்ற இரண்டு விஷயத்தை வைத்துப் பதில் மாறும்.

பேட்டரி எதனால் சாகிறது

"சும்மா கிடந்து செத்துப்போச்சு" என்று சொல்கிறோம். சும்மா கிடப்பதால் அதற்குப் பெரிய கெடுதல் இல்லை. அரைகுறை சார்ஜில் கிடப்பதால்தான் சாகிறது. காஸ்டன் பிளாண்டே 1859-ல் முதல் ஈய-ஆசிட் பேட்டரியைச் செய்த காலத்திலிருந்து இன்றுவரை உள்ளே நடப்பது ஒன்றுதான். கரண்ட் எடுக்க எடுக்கத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து திரும்புகிறது. படிந்தது படிந்தபடியே வாரக்கணக்கில் விட்டால், பொடியாக இருந்தது இறுகிக் கட்டிதட்டிப் போய்விடும். அதன் பிறகு எந்த சார்ஜரைப் போட்டாலும் முழுதாகக் கரையாது. பேட்டரியின் மேல் 45 ஆம்பியர்-அவர் என்று அதன் கொள்ளளவை எழுதியிருக்கும். உள்ளே உபயோகத்துக்கு இருப்பதோ அதில் பாதிகூட இருக்காது.

அதனால் யார் எந்த யோசனை சொன்னாலும் நான் கேட்கிற கேள்வி இதுதான்: இது பேட்டரியை முழுசுக்குக் கொண்டுபோய் வைக்குமா, பாதியிலேயே அலையவிடுமா?

முழுசு எது, பாதி எது என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டர் சொல்லிவிடும். வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு அளந்தால், 12 வோல்ட் பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. சரியாக 12.0 காட்டினால் கால்வாசிதான் மிச்சம். "பன்னிரண்டு காட்டுதே, நல்லாத்தானே இருக்கு" என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 6 வோல்ட் வண்டிக்கு எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துக்கொள்ளலாம், 6.3-க்கு மேல் முழுசு, 6.1 பாதி. ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் 13 வரைகூடக் காட்டும், அதை நம்ப வேண்டாம். மூடி திறக்கிற வகையாக இருந்தால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேர்மையானது. முழு சார்ஜில் 12 வோல்ட் பேட்டரியின் ஆறு செல்லும் 1.265-லிருந்து 1.280-க்குள் நிற்கும். ஐந்து செல் சரியாக இருந்து, ஒன்று மட்டும் நன்றாகக் கீழே நின்றால் பேட்டரியே போய்விட்டது என்று அர்த்தம். சார்ஜர் வாங்கி அதைக் காப்பாற்ற முடியாது.

வாரம் ஒரு ஸ்டார்ட்

எல்லாரும் சொல்கிற இந்த யோசனைதான் இருப்பதில் மோசமானது. ஒன்றரை வருடம் நானும் இதைச் செய்தேன். ஞாயிறு தவறாமல் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, திருப்தியாக உறையைப் போட்டுவிட்டுப் போவேன். பேட்டரிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைப்பு. அது உத்தரவாதக் காலம் முடியும் முன்பே படுத்துவிட்டது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று நொடியில் இன்ஜின் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு 0.125 ஆம்பியர்-அவர். ஒன்றுமே இல்லை. என் வண்டியில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய இருப்பது பழைய ரக டைனமோ. ஐடிலில் டைனமோ சார்ஜ் செய்யாது. டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பது அதனால்தான். ஆனால் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் சும்மா இருக்குமா? அது சராசரியாக ஒரு 3 ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு அரை ஆம்பியர்-அவர். அதாவது ஸ்டார்ட் செய்ய ஆன செலவைப்போல நான்கு மடங்கை, ஸ்டார்ட் ஆன பிறகு நின்ற இடத்திலேயே எரித்திருக்கிறேன். இப்படி மாதத்துக்கு இரண்டரை ஆம்பியர்-அவர். அதுபோக, பேட்டரி தானாகவே மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் இறங்கும். திரும்ப ஏற்றியது பூஜ்யம். நாலைந்து மாதத்தில் பேட்டரி பாதிக்கு வந்துவிடும், அந்தப் பாதியிலேயே உட்கார்ந்து கட்டிதட்டவும் ஆரம்பிக்கும்.

டைனமோவுக்குப் பதில் பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டர் இருக்கும் வண்டியில் ஐடிலிலும் கொஞ்சம் ஏறும், கணக்கு இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பத்து நிமிடத்தில் இன்ஜின் ஆயில் சூடேறாது. எரிந்த பெட்ரோலின் நீராவி, ஆயில் நிற்கும் சம்ப்பிலும் சைலன்சரிலும் தண்ணீராக நின்றுவிடும். பேட்டரியைக் காப்பாற்றப் போய் சைலன்சர் ஓட்டையானதுதான் மிச்சம்.

ஓட்டுவது வேறு விஷயம். வாரம் ஒரு தடவை 45 நிமிடம், ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டினால் பேட்டரிக்கு மட்டுமில்லாமல் பிரேக், சீல், கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் நல்லது. அப்படி ஓட்ட முடிந்தவர் இந்தக் கட்டுரையில் பாதியை விட்டுவிடலாம். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். ஈய-ஆசிட் பேட்டரி முதல் 80 சதவீதத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசி 20 சதவீதத்தை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். ஒரு மணி நேர ஓட்டத்தில் அந்தக் கடைசிப் பகுதி நிரம்பாது. வாரா வாரம் ஓட்டுகிறவர்களும் இரண்டு மாதத்துக்கு ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டு எடுத்தால் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும்.

கழற்றிப் போடுவது

பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் கார் நிற்கிறது என்றால் முதல் வேலை இது. பேட்டரியைக் காரின் பாடியோடு சேர்க்கும் எர்த் கேபிளைக் கழற்றி வைக்கலாம், அல்லது பேட்டரியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்றைப் போட்டுவிடலாம். பழைய காரில் நின்றபடி கரண்ட் தின்னும் பொருள் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கடிகாரம் இருக்கும், பின்னால் யாரோ மாட்டிய ரேடியோ இருக்கும், பூட்டினாலும் அணையாத டிக்கி விளக்கு இருக்கும், ஈரம் ஏறிய பழைய ஒயரிங் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் போதும், நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர். முப்பது நாளில் 36. 45 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அப்புறம் என்ன இருக்கும்?

எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது சுலபம். எல்லாவற்றையும் அணைத்து, எர்த் கேபிளைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். கடிகாரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத பழைய வண்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்துபோய் செல்ஃபை அழுத்திவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். என்னிடம் ஒரு பொட்டலம் ஃப்யூஸ் இருக்கிறது, ஏன் என்று கேட்க வேண்டாம்.

ஐசொலேட்டரில் இரண்டு ரகம். டெர்மினல் மேலேயே உட்கார்ந்து, குமிழைத் திருகிக் கழற்றுவது ஒன்று. தனியாக ஓர் இடத்தில் பொருத்தி, சாவி போட்டுத் திருப்புவது இன்னொன்று. குமிழ் ரகம் சீப், ஐந்து நிமிட வேலை. ஆனால் நாளாக ஆகத் தளர்ந்து, செல்ஃப் இழுக்கும்போது சூடாகும். சாவி ரகத்துக்குக் கேபிள் வெட்ட வேண்டும், பதிலுக்கு நிம்மதி. திருட்டுக்கும் ஒரு தடை. எதை வாங்கினாலும் செல்ஃப் இழுக்கும் கரண்ட்டைத் தாங்கும் கனம் அதற்கு இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் வண்டியில் இன்ஜின் ஓடும்போது இதைத் திருப்பினால் டயோடுகள் எரிந்துவிடும், அது நினைவிருக்கட்டும்.

கழற்றுவதால் கசிவு நிற்கும், தானாக இறங்குவது நிற்காது. வெயில் காலத்தில் அது இன்னும் வேகம். 10 டிகிரி சூடு கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே கழற்றிப்போட்ட பேட்டரியையும் ஆறு வாரத்துக்கொரு முறை, இரண்டு மாதத்துக்கொரு முறை வீட்டுக்குள் தூக்கிவந்து சார்ஜ் போட்டே ஆக வேண்டும். முதுகு ஒத்துழைக்கும்வரை இது மலிவான, நம்பகமான வழி. கொண்டுவந்து எங்கே வைப்பது? தரையில் வைத்தால் கரண்ட் இறங்கிவிடும் என்று இன்னும் சொல்வார்கள். மரப்பெட்டியும் ரப்பர் பெட்டியும் இருந்த காலத்துக் கதை அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் தாராளமாக வைக்கலாம்.

சார்ஜரை மாட்டியே வைப்பது

பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருந்தால் இதற்குமேல் வேறு யோசனை வேண்டாம். ஆனால் எந்த சார்ஜர்? அதில்தான் பேட்டரி பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

பழைய ரக டிரிக்கிள் சார்ஜர் ஒன்று பரணில் கிடக்கும். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், முள் மீட்டர் ஆடும், பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். அதற்கு நிறுத்தத் தெரியாது. 1 ஆம்பியர்தானே என்று ஒரு மாதம் விட்டால் 720 ஆம்பியர்-அவர் உள்ளே போயிருக்கும், 45 கொள்ளும் பேட்டரிக்குள். மீதி எங்கே போகும்? தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும். தகடு தெரிகிற அளவுக்கு ஆசிட் வற்றும், மூடியிட்ட ஷெட்டில் ஹைட்ரஜன் சேரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே ஒரு தீப்பொறி போதும். இந்தச் சார்ஜரை ஒரு பகல், ஒரு ராத்திரி, கண் முன்னால் என்று மட்டும் பயன்படுத்துங்கள்.

மெயின்டெய்னர், ஸ்மார்ட் சார்ஜர் என்று இப்போது கிடைப்பது 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி, நிரம்பியதும் 13.2-லிருந்து 13.6-க்குள் இறங்கி அங்கேயே பிடித்துவைக்கும். மாதக்கணக்கில் மாட்டி வைக்கலாம். ஒன்றை மாட்டிய பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைச் சடங்கை விட்டேன். கார் எப்போது போனாலும் எடுக்கிறது, அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது சில. ஒன்று, ஆம்பியர். முழுசாக இருப்பதைக் காக்க 1 ஆம்பியர் தாராளம். இறங்கிப்போனதை மீட்க வேண்டுமானால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, 45-க்கு நாலரை ஆம்பியர் வேண்டும். இரண்டு வேலையும் வேண்டுமென்றால் 4, 5 ஆம்பியர் ரகமாகவே வாங்கிவிடலாம். அப்புறம் 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பது. இரண்டையும் தானே கண்டுபிடிக்கும் என்று சொல்கிற சார்ஜரைவிட, பட்டனை அழுத்தி நாமே தேர்ந்தெடுக்கிற சார்ஜர் எனக்குப் பிடிக்கும். செத்துப்போய் 7 வோல்ட்டில் கிடக்கும் 12 வோல்ட் பேட்டரியை, தானாகக் கண்டுபிடிக்கும் ரகம் "ஓ, இது ஆறு" என்று நினைத்து விட்டுவிடலாம். இன்னொன்றும் உண்டு, ரொம்ப இறங்கிய பேட்டரியைப் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் பேட்டரி என்றே ஒத்துக்கொள்ளாது. அதற்காகவே பரணில் இருக்கும் அந்த உறுமல் சார்ஜரைத் தூக்கிப்போடாதீர்கள். ஒரு மணி நேரம் அதில் போட்டுக் கொஞ்சம் எழுப்பிவிட்டு, பிறகு ஸ்மார்ட் சார்ஜருக்கு மாற்றலாம்.

சல்பேட்டைக் கரைத்துத் தருகிறோம் என்று ஒரு பட்டன் சிலவற்றில் இருக்கும். லேசாகப் படிந்திருந்தால் கொஞ்சம் பலன் உண்டு. இறுகிப்போனதற்கு அது வெறும் ஆறுதல்.

மூடி திறக்கும் பேட்டரியானால் மாதம் ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்து, தகடு மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் விடுவதை மட்டும் சார்ஜர் செய்யாது.

சோலார் தகடு

பிளக் பாயிண்ட் இல்லை, ஆனால் வெயில் இருக்கிறது என்றால் கேட்கவே நன்றாக இருக்கும். 5 வாட் தகடு நேர் வெயிலில் 0.3 ஆம்பியர் தரும். நாலு மணி நேர நல்ல வெயிலுக்கு 1.2 ஆம்பியர்-அவர். கசிவையும் தானாக இறங்குவதையும் ஈடுகட்ட இது போதும். செத்த பேட்டரியை எழுப்பப் போதாது.

சிக்கல் வெயிலில்தான். வெயில்படும் இடத்தில் பழைய காரை யார் நிறுத்துவார்? பெயிண்டும் டேஷ்போர்டும் வெளுத்துப்போகும் என்று நிழலைத் தேடித்தானே நிறுத்துகிறோம். தகட்டைக் கூரைமேல் வைத்து ஒயரை ஷெட்டுக்குள் இழுக்க முடிந்தால் சரி. கண்ணாடிக்குப் பின்னால் டேஷ்போர்டின் மேல் கிடத்தினால் பாதிகூட வராது. ராத்திரியில் கரண்ட் திரும்பி ஓடாமல் தடுக்கும் டயோடு இருக்கிறதா என்று பாருங்கள். 10 வாட்டுக்கு மேல் போனால் சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் மாட்டாதீர்கள். ஷெட்டில் பிளக் இல்லாதவர்கள் ஐசொலேட்டரும் இரண்டு மாதத்துக்கொரு சார்ஜும் என்று இருப்பதே மேல் என்பது என் கட்சி.

வேறு ரக பேட்டரி

தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரிதான் இந்தக் கார்கள் பிறந்தபோது இருந்தது. சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அதற்காகச் செய்யப்பட்டது. கொஞ்சம் அதிகமாக ஏற்றினாலும் தண்ணீரை இழந்து சமாளித்துக்கொள்ளும். அதற்காகவே பலர் இதை விட்டு நகர மாட்டார்கள். நானும்.

ஏஜிஎம் பேட்டரி உள்ளே ஆசிட்டைப் பஞ்சுபோன்ற கண்ணாடி இழையில் பிடித்து வைத்திருக்கும். சிந்தாது, ஆவி குறைவு, தானாக இறங்குவதும் மெதுவாக. பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகளுக்கு இது பெரிய வரம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் அது பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. எம்ஜிபி-யில் 1974 வரை சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து வைத்திருந்தார்கள். அந்த மாதிரி இடங்களில் ஆசிட் கசிந்து தளத்தகடு துருப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஏஜிஎம்-மின் அருமை புரியும். ஆனால் அதற்கு அதிக வோல்ட் ஆகாது. இழந்த தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. பழைய மெக்கானிக்கல் ரெகுலேட்டர் 15 வோல்ட்டைத் தாண்டி அடிக்கிறதா என்று ஓடும் இன்ஜினில் முதலில் அளந்து பார்த்துவிட்டு மாறுங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் எடையில் மிகக் குறைவு, தானாக இறங்குவது மிகக் குறைவு, செல்ஃபைச் சுழற்றுகிற வேகமோ அலாதி. இருந்தும் டைனமோ வண்டிக்கு வேண்டாம் என்பேன். கரண்ட் ஓடுவதற்கு அதன் உள்ளே இருக்கும் தடை ரொம்பக் குறைவு. இறங்கியிருக்கும்போது எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். 22 ஆம்பியர் தரக்கூடிய டைனமோவைப் பிழிந்து சூடேற்றிவிடும். ஏதாவது அதிகமானால் உள்ளே இருக்கும் மின்னணுப் பாதுகாப்பு சட்டென்று துண்டித்துக்கொள்ளும், ஓடும் வண்டியில் அது டைனமோவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நல்லதில்லை. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. பந்தயத்துக்கு ஓடும் வண்டியில் எடை குறைக்க நினைப்பவர் போடட்டும்.

6 வோல்ட் வண்டிக்காரர்கள் சிலர் 8 வோல்ட் பேட்டரி போடுவார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றும். ரெகுலேட்டரை ஏற்றி வைக்காவிட்டால் அந்தப் பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. ஏற்றி வைத்தால் பல்புகள் வரிசையாகப் போகும். அதற்கு முன் பார்க்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது.

பேட்டரி வாங்கும் முன் கேபிளைப் பாருங்கள்

என் முதல் பேட்டரி செத்து, புதிது வாங்கிப் போட்டேன். அப்போதும் அதே "ர்ர்ர்... ரக்". கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். பழைய வண்டிகளையே பார்த்துப் பழகிய மெக்கானிக் ஒருவர், வயதானவர், "அவசரப்படாதீங்க தம்பி, மீட்டர எடுங்க" என்றார். என்னைச் செல்ஃபை அழுத்தச் சொல்லிவிட்டு மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எர்த் முனையிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்தார். இரண்டும் ஒரே எர்த்தானே, பூஜ்யம் வர வேண்டாமா? 0.9 வோல்ட் காட்டியது. "உங்க பேட்டரி நல்ல பேட்டரிதான். பாதி வழியிலயே யாரோ சாப்பிட்டுடறாங்க" என்றார்.

இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் இழுக்கும் அத்தனை கரண்ட்டும் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரேயொரு பின்னல் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். முந்தைய வருடம் சேஸிஸுக்குப் பெயிண்ட் அடித்தபோது அந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியிலும் பெயிண்ட் போயிருந்தது. பட்டையும் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று உலோகம் தெரிய வைத்து, புதுப் பட்டை போட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். மீட்டர் 0.1 காட்டியது. வண்டி அரைச் சுற்றில் எடுத்தது. நான் செத்ததாக நினைத்த பழைய பேட்டரி உண்மையிலேயே செத்திருந்ததா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அவர் சொன்ன இன்னொரு அடையாளம்: செல்ஃப் அடித்த பிறகு சோக் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் எர்த் பட்டை போய்விட்டது. திரும்ப வழி கிடைக்காத கரண்ட் அந்த மெல்லிய ஒயர் வழியாகப் போகிறது.

சோதனை எளிது. செல்ஃப் இழுக்கும்போது பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை, பேட்டரி எர்த் முனையிலிருந்து பிளாக் வரை, தனித்தனியாக அளக்க வேண்டும். ஒவ்வொன்றும் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் கேபிள் சரி. முனையை அளக்கும்போது மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பைத் தொடாமல், ஈய முனையையே தொட வேண்டும். முனைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவிலேயே பாதி இழப்பு ஒளிந்திருக்கும். 12 வோல்ட் பேட்டரியின் வோல்ட்டேஜ் அப்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பக்கம் சந்தேகப்படலாம்.

6 வோல்ட் வண்டியில் இது நாலு மடங்கு முக்கியம். பேச்சுக்குச் சொல்லவில்லை, கணக்கே அப்படி. அதே சக்திக்கு கரண்ட் இரண்டு மடங்கு. 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் தின்னும் ஒரு கேபிள், 6 வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட் தின்னும். அங்கே இருபத்து நாலில் ஒரு பங்கு போனது, இங்கே ஆறில் ஒரு பங்கு போகிறது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளை இந்த வண்டியில் போட்டுவிட்டு "ஆறு வோல்ட்டே இப்படித்தான், நொண்டும்" என்று பழிபோடுகிறார்கள். 50-லிருந்து 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டுப் பாருங்கள். 8 வோல்ட்டின் நினைப்பே வராது.

என் முடிவு

ஷெட்டில் பிளக் இருந்தால் ஸ்மார்ட் சார்ஜர். வேறு எதையும் ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பிளக் இல்லாமல் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை ஓட்டுகிறவருக்கு ஐசொலேட்டர், அதோடு இரண்டு மாதத்துக்கு ஒரு ராத்திரி சார்ஜ். ஆறு மாதம் தொடவே மாட்டேன் என்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்; கடுங்குளிர் ஊர்களில் இது கட்டாயம். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி சாதாரணக் குளிரில் உறையாது, இறங்கிய பேட்டரி சுமார் மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து வெடித்துவிடும். சோலார், கூரைமேல் தகடு வைக்க வசதியுள்ளவருக்கு. இந்த எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த எர்த் பட்டை.

கழற்றும்போது எர்த்தை முதலில், மாட்டும்போது எர்த்தைக் கடைசியில். மைனஸை முதலில் கழற்று என்று மனப்பாடமாகச் சொல்வதைப் பழைய வண்டியில் அப்படியே நம்பக் கூடாது. 1960-களின் நடுப்பகுதிவரை வந்த ஏராளமான பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு சேர்த்திருப்பது பிளஸ். அந்த வண்டியில் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ்தான். சார்ஜருக்கு இந்தக் குழப்பம் கிடையாது, பேட்டரி முனைகளில் நேரடியாகச் சிவப்பைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டினால் போதும்.

இவ்வளவும் செய்து ஒருநாள் நடுவழியில் "டிக்" என்றால்? இன்ஜினைக் கையால் சுற்றி எடுக்கும் கைப்பிடி இருக்கும் வண்டியானால் அது உங்கள் அதிர்ஷ்டம். செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் காரில் வருவதற்கு முன்பு எல்லாரும் அப்படித்தான் எடுத்தார்கள், கையும் உடைத்துக்கொண்டார்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள், கீழிருந்து மேலாக இழுங்கள், மேலிருந்து அமுக்காதீர்கள். டிக்கியில் ஒரு லித்தியம் ஜம்ப் பேக் வைத்திருப்பதும் நல்லதே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதையும் சார்ஜ் செய்ய வேண்டும். செத்த பேட்டரிக்கு உதவ செத்த பேக்கோடு போய் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

வேறு காரிலிருந்து கேபிள் போட்டு எடுப்பதாக இருந்தால், உங்களுடையது பிளஸ் எர்த் வண்டியா என்று முதலில் பாருங்கள். பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று கேபிளைச் சரியாகத்தான் மாட்டியிருப்பீர்கள். ஆனால் அப்போது உங்கள் காரின் பாடி முழுக்க பிளஸ், அவருடைய காரின் பாடி முழுக்க மைனஸ். பம்பரும் பம்பரும் தொட்டால் வெல்டிங் பட்டறைதான். உதவிக்கு வந்தவரை இரண்டடி தள்ளியே நிறுத்தச் சொல்லுங்கள்.